இ-சிகரெட்டும் பெட்டிக்கடையும்

எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு பெட்டிக்கடை இருக்கும். ஒரு பக்கம் வாழைத்தார், மறுபக்கம் பாக்குப் பொட்டலங்களின் சரம், நடுவே பீடிக்கட்டும் சிகரெட் பாக்கெட்டும். முன்பெல்லாம் கடைத்தூணில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று முனை கனன்றபடி தொங்கும். இப்போது அந்த இடத்தில் ஒரு லைட்டரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டைப் பிரித்து ஒற்றை சிகரெட்டாகக் கொடுப்பார்கள். வாங்க வரும் பையனிடம் வயது கேட்ட கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இ-சிகரெட்டைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற விவாதம் மருத்துவ மாநாடுகளிலும் பொருளாதார இதழ்களிலும் நடக்கிறது. ஒரு தரப்பு அதைப் புகைப்பவரின் உயிர் காக்கும் கருவி என்கிறது. மறு தரப்பு அது அடுத்த தலைமுறையைப் பிடிக்க வந்த வலை என்கிறது. இரு தரப்பிடமும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஒரே பொருள் ஓர் ஊரில் மருந்தாகவும் இன்னோர் ஊரில் வலையாகவும் ஆவது எப்படி என்று தேடிப் போனால், ஒவ்வொரு நாட்டிலும் அந்தத் தேடல் ஏதோ ஒரு கடையின் முன்தான் வந்து நிற்கிறது.

இந்தியாவில் இப்போது தடை இருக்கிறது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவையின் முடிவை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். முதலில் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பருக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சட்டத்தை நிறைவேற்றின. தமிழ்நாடு அதற்கு ஓராண்டு முன்பே, 2018இல், தடை விதித்திருந்தது. மத்தியச் சட்டப்படி உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்திருப்பதற்கும் தண்டனை உண்டு. பயன்படுத்துவதை மட்டும் அச்சட்டம் தனிக் குற்றமாகச் சொல்லவில்லை. இந்தத் தடையை நீக்கினால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதைக் கணக்கிடுவதே இக்கட்டுரை.

கருவியும் அதன் ஆவியும்

இன்றைய இ-சிகரெட்டை 2003இல் உருவாக்கியவர் சீனாவின் ஹோன் லிக். மருந்தாளுநரான அவரே சிகரெட் பிடிப்பவர்தான். ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றிய பஞ்சுத் திரி, திரியில் ஊறும் திரவம்: இவ்வளவுதான் கருவி. உறிஞ்சும்போது கம்பி சூடாகிறது, திரவம் ஆவியாகிறது. திரவத்தில் புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் பெரும்பகுதி. அவற்றோடு நிகோடினும் சுவையூட்டிகளும் கலந்திருக்கும்.

இதில் எதுவும் எரிவதில்லை. முழு வாதத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. புகையிலை எரியும்போதுதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. சிகரெட் புகையில் உள்ள 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. மனிதரைக் கட்டிப்போடுவது நிகோடின். நுரையீரலையும் இதயத்தையும் சிதைப்பது பெரும்பாலும் எரிதலில் பிறக்கும் நஞ்சு. இரண்டையும் பிரித்துவிட்டால் அடிமைத்தனம் மிஞ்சினாலும் மரணம் குறையும் என்பதே ஆதரவாளர்களின் கணக்கு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல், புகைப்பதைவிட இது ஏறத்தாழ 95% தீங்கு குறைந்தது என மதிப்பிட்டது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2018 அறிக்கை, சிகரெட்டை முழுமையாக விட்டு இதற்கு மாறுவோரின் உடலில் சேரும் நஞ்சு குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இருப்பதாகச் சொன்னது.

அந்த வாக்கியத்தில் 'முழுமையாக' என்ற சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காலையில் சிகரெட், அலுவலகத்தில் வேப் எனப்படும் இ-சிகரெட் என்று இரண்டையும் வைத்துக்கொள்பவருக்கு இந்த நன்மை கிடைப்பதில்லை. 'தீங்கு குறைந்தது' என்பதைத் 'தீங்கற்றது' என்றும் படித்துவிடக் கூடாது. ஆவியில் நுண்துகள்கள் இருக்கின்றன. கம்பியிலிருந்து நிக்கலும் குரோமியமும் கலக்கக்கூடும். மிகை வெப்பத்தில் ஃபார்மால்டிஹைடு உருவாகிறது. சிகரெட்டால் வரும் புற்றுநோய் வெளித்தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும். இ-சிகரெட் உலகில் பரவலாகிச் சுமார் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. முழுக் கணக்கும் இன்னும் நம் கைக்கு வரவில்லை.

2019இல் அமெரிக்காவில் நேர்ந்த நுரையீரல் பாதிப்பை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். தடைக்கு ஆதரவான பேச்சுகளில் இந்த எண்கள் அடிக்கடி வருகின்றன. ஆனால் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு கைகாட்டியது முக்கியமாக வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளை. கஞ்சாவின் போதைக்கூறு கலந்த, பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய குப்பிகளில் அது இருந்தது. ஆகவே அந்தத் துயரம் கண்காணிப்பே இல்லாத சந்தையின் ஆபத்துக்கு ஒரு சான்று.

புகையை விட்டவர்கள்

சட்டபூர்வமாக்குவதன் முதல் நன்மையாகச் சொல்லப்படுவது சிகரெட்டை விடுவோரின் எண்ணிக்கை. இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2019இல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. சிகரெட்டை விட விரும்பிய 886 பேரில் ஒரு பகுதியினருக்கு நிகோடின் சூயிங்கம், பட்டை போன்ற மாற்று மருந்துகளைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இ-சிகரெட். இரு பிரிவினருக்கும் நேரடி ஆலோசனையும் உண்டு. ஓராண்டு முடிவில் மாற்று மருந்துப் பிரிவில் 9.9% பேர் சிகரெட்டை விட்டிருந்தனர். இ-சிகரெட் பிரிவில் 18%. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பும், மாற்று மருந்துகளைவிட நிகோடின் உள்ள இ-சிகரெட் கூடுதலாக உதவுகிறது என்ற முடிவுக்கே வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இ-சிகரெட்டால் புகையை விட்டவர்களில் 80% பேர் ஓராண்டுக்குப் பிறகும் இ-சிகரெட்டைக் கைவிடவில்லை. மாற்று மருந்துப் பிரிவில் அப்படி மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9% மட்டுமே. புகையிலிருந்து விடுதலை கிடைத்தாலும் நிகோடினிலிருந்து கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டு புகைத்த ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு இது நல்ல பேரம் என்றே நான் நினைக்கிறேன். அவருடைய மகனுக்கு இது பேரமே இல்லை.

பிரிட்டன் இந்தப் பேரத்தைத் திறந்த மனத்தோடு ஏற்ற நாடு. 2016 விதிகள் நிகோடின் அளவை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்ளும், கருவியின் தொட்டியை 2 மில்லிலிட்டருக்குள்ளும் நிறுத்தின. புகைப்பதை விட நினைக்கும் பத்து லட்சம் பேருக்கு வேப் தொடக்கப் பெட்டியும் ஆலோசனையும் தரும் திட்டத்தை 2023இல் அரசே அறிவித்தது. 2011இல் அந்நாட்டின் வயதுவந்தோரில் 20.2% பேர் புகைத்தனர், 2023இல் 11.9%. நியூசிலாந்து 2020இல் சட்டம் இயற்றி வேப்பிங்கை ஒழுங்குபடுத்தியது. அங்கே தினமும் புகைப்போர் 2011-12இல் 16.4%, 2023-24இல் 6.9%. வரி உயர்வும் விளம்பரத் தடையும் இதில் பங்கு வகித்தன என்பது உண்மை. ஆனாலும் வேப்பிங்குக்கு இதில் பங்கே இல்லை என்று நேர்மையாகச் சொல்ல முடியாது.

புதிதாக வந்தவர்கள்

நியூசிலாந்தில் புகைப்போர் எண்களைத் தந்த அதே ஆய்வில், 2023-24இல் தினமும் வேப் பிடிக்கும் வயதுவந்தோர் 11.1%. புகைப்பவர்களின் எண்ணிக்கையை அது தாண்டிவிட்டது. மாறி வந்தவர்கள் மட்டுமே இருந்தால் இது மகிழ்ச்சிச் செய்தி. ஆனால் பதினான்கு, பதினைந்து வயது மாணவர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பு வேறொன்றைக் காட்டியது. அவர்களில் தினமும் வேப் பிடிப்போர் 2019இல் 3.1%, 2022இல் 10.1%. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு விட்டுவிட ஒரு சிகரெட் பழக்கமே இருந்ததில்லை.

இதன் பெரும் வடிவம் அமெரிக்காவில் நடந்தது. 2015இல் வந்த ஜூல் கருவி பென்டிரைவ் போலிருந்தது. நிகோடினை உப்பு வடிவில் மாற்றியதால் தொண்டை எரியவில்லை. அதன் குப்பியில் இருந்த நிகோடின், பிரிட்டனின் 20 மில்லிகிராம் வரம்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மாம்பழம், புதினா, கிரீம் என்று சுவைகள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் இ-சிகரெட் பிடிப்போர் 2017இல் 11.7% இருந்தது 2019இல் 27.5% ஆனது. நான்கில் ஒருவருக்கும் மேல். மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் நுழையும் நிகோடின் கவனத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கிறது. மற்ற போதைகளுக்கும் மூளையைப் பழக்குகிறது.

இதிலும் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, அந்த அலை வடிந்தது. சுவைக் கட்டுப்பாடு, வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது, வழக்குகள், பள்ளிப் பிரச்சாரம் எல்லாம் சேர்ந்து 2024இல் அதே எண்ணை 7.8% ஆகக் குறைத்தன. இரண்டு, வேப் பிடித்த பிள்ளைகள் எல்லோரும் சிகரெட்டுக்குப் போவார்கள் என்ற அச்சம் நாடு தழுவிய எண்ணிக்கையில் பலிக்கவில்லை. அந்த ஆண்டுகளிலும் மாணவர்களிடையே சிகரெட் பழக்கம் குறைந்துகொண்டேதான் போனது. ஆனால் தனித்தனி இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், வேப் பிடித்தவர்கள் பின்னாளில் சிகரெட்டைத் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக அமெரிக்க அறிவியல் கழகங்களின் அந்த 2018 அறிக்கை சொல்கிறது. இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏந்திக்கொண்டுதான் முடிவுக்கு வர வேண்டும்.

பிரிட்டனிலும் 2021வரை இளையோர் பழக்கம் அடங்கித்தான் இருந்தது. வண்ண வண்ணமாக, சில பவுண்டு விலையில், பிடித்துவிட்டு எறியும் வேப்கள் மூலைக்கடைகளை நிறைத்ததும் நிலை மாறியது. 11 முதல் 17 வயதினரில் வேப் பிடிப்போர் 2021இல் ஏறத்தாழ 3%. மறு ஆண்டே 7%. விதிகள் அப்படியேதான் இருந்தன. மாறியது கடை அலமாரி மட்டுமே. கடைசியில் 2025 ஜூன் 1 முதல் அந்த வகைக் கருவிகளை பிரிட்டன் தடைசெய்தது.

மலேசியாவின் பதினெட்டு மாதங்கள்

அனுமதிப்பதில் எந்த வரிசையில் எதைச் செய்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை மலேசியாவைப் போலக் காட்டும் நாடு வேறில்லை. நம் உறவினர்கள் லட்சக்கணக்கில் வாழும் நாடு அது. அங்கே நிகோடின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் இருந்தது, மருந்தகத்தில்தான் விற்கலாம். நடைமுறையில் வேப் கடைகள் ஊரெங்கும் திறந்தே கிடந்தன. 2022 தேசிய ஆய்வில் பதின்வயதினரில் 14.9% பேர் வேப் பிடித்தனர். 2017இல் அது 9.8%.

எப்படியும் விற்கிறது, வரியாவது வரட்டும் என்று அரசு நினைத்தது. 2023 மார்ச் 31 அன்று நிகோடின் திரவம் நச்சுப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் வரி வந்தது. ஆனால் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம் அப்போது தயாராக இல்லை. அது நிறைவேறி நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்று. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில், நிகோடின் கலந்த திரவத்தைச் சிறுபிள்ளைக்கு விற்பதைத் தடுக்க நாடு முழுமைக்குமான சட்டம் ஏதும் இல்லை. வரி வாங்கும் கை முதலில் நீண்டது. பிள்ளையைக் காக்கும் கை பின்னால் வந்தது. விளைவை இன்று காண்கிறோம். பல மாநிலங்கள் தாமே விற்பனையைத் தடை செய்துவிட்டன. முழுத் தடையை நோக்கி நகர்வதாக மத்திய சுகாதார அமைச்சரும் பேசுகிறார்.

தடையின் விலை

அப்படியென்றால் தடைதான் வழியா? தடைக்கும் விலை இருக்கிறது.

சிங்கப்பூர் 2018 பிப்ரவரி முதல் வேப்பை வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையுமே குற்றமாக்கிய நாடு. அப்போது விதித்த அபராதம் இரண்டாயிரம் வெள்ளி வரை. எல்லையில் சோதனை உண்டு, சட்டத்தைச் செயல்படுத்தும் வலிமையும் உண்டு. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. 2025இல் எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து கலந்த வேப் குப்பிகள் இளையோரிடையே பரவின. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தின உரையில், இனி வேப்பிங்கைப் போதைப்பொருள் பிரச்சினையாகவே நடத்துவோம் என்று அறிவித்தார். செப்டம்பர் முதல் எட்டோமிடேட் போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. கள்ளச்சந்தையில் வாங்குபவருக்குத் தன் குப்பியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அமெரிக்காவின் 2019 மரணங்களும் இதையே சொல்லின.

ஆஸ்திரேலியா நடுவழியை முயன்றது. 2021 அக்டோபரில் நிகோடின் வேப்புக்கு மருத்துவர் சீட்டு கட்டாயமானது. 2024 ஜூலை முதல் மருந்தகத்துக்கு வெளியே எந்த வேப்பும் விற்கக் கூடாது. மருந்தகக் கதவு குறுகலாகவே இருந்தது, கள்ளச்சந்தை விரிந்தது. சிகரெட் மீதான மிக உயர்ந்த வரியும் அதற்குத் தீனி போட்டது. விக்டோரியா மாநிலத்தில் சட்டவிரோதப் புகையிலை, வேப் வியாபாரத்துக்காகக் கும்பல்கள் மோதிக்கொண்டு, 2023 முதல் கடை கடையாகத் தீ வைத்தன.

தடையின் விலையை அறிய நாம் கடல் தாண்ட வேண்டியதுகூட இல்லை. தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது 2013இல். அதன் பிறகும் அது கடைக்குக் கடை கிடைத்தது. அந்த விற்பனைக்காக அதிகாரத்தில் இருந்தவர்களுக்கே லஞ்சம் போனதாக எழுந்த குற்றச்சாட்டு மத்தியப் புலனாய்வு விசாரணை வரை சென்றது. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடம் பரவுவது குறித்து 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. இ-சிகரெட்டும் சென்னையில் கிடைக்காமல் இல்லை. ஆயினும் தடை பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. தடை விலையை ஏற்றுகிறது, விளம்பரத்தை ஒழிக்கிறது, கடை அலமாரியிலிருந்து பொருளை அகற்றுகிறது. தேடிப்போகிறவருக்குக் கிடைக்கும், மிட்டாய் வாங்கப் போன பிள்ளையின் கண்ணில் படாது. பிரிட்டனில் அலமாரி செய்த வேலையைப் பார்த்த பிறகு, இந்த வேறுபாட்டை நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

வரி, குப்பை, நிறுவனங்கள்

அனுமதித்தால் வரி வரும் என்பது உண்மை. ஆனால் புகையிலை வரவை மட்டும் எழுதும் கணக்கு பாதிக் கணக்கு. 2017-18இல் புகையிலையால் வந்த நோயும் அகால மரணமும் இந்தியாவுக்கு ஏற்படுத்திய இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் அது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. புகையிலை வரியாக வந்த தொகை அதன் அருகில்கூட நிற்காது.

குப்பையும் ஒரு செலவு. பிரிட்டனில் 2023இல் வாரந்தோறும் ஏறத்தாழ ஐம்பது லட்சம் வேப்கள் எறியப்படுவதாக மதிப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி. குப்பை வண்டிகளிலும் கிடங்குகளிலும் அவை தீப்பிடித்தன. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பைமேடு எரியும் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிறுவனங்களின் பழைய வரலாறும் கணக்கில் வர வேண்டும். 'லைட்', 'மைல்டு' என்று பெயரிட்டு, அவை பாதுகாப்பானவை என்ற எண்ணத்தை ஊட்டி, விட நினைத்தவர்களை விடாமல் வைத்திருந்த தொழில் இது. 2006இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்தார். 2018இல் ஜூல் நிறுவனத்தின் 35% பங்கை 1,280 கோடி டாலருக்கு வாங்கியது மார்ல்பரோ சிகரெட்டின் உரிமையாளரான ஆல்ட்ரியா. தீங்கு குறைப்பு என்ற கருத்து பொதுநல மருத்துவர்களிடம் பிறந்தது. இன்று அதை உரக்கச் சொல்பவர்களில் சிகரெட் விற்பவர்களும் இருக்கிறார்கள். கருத்து அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் சட்டம் எழுதும் மேசையில் அவர்களுக்கு இடமிருக்கக் கூடாது.

நம் அரசின் நிலையையும் நேராகப் பார்க்க வேண்டும். இ-சிகரெட்டைத் தடைசெய்த அரசே, எரியும் சிகரெட்டை அனுமதித்து வரி வாங்குகிறது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனமான எல்ஐசி, நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் பெரும் பங்குதாரர். தீங்கு கூடிய பொருள் கடையில் இருக்க, தீங்கு குறைந்த பொருளுக்குச் சிறையா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் கடமை தடையை ஆதரிப்பவர்களுக்கு உண்டு. நானும் அவர்களில் ஒருவன் என்பதால் என் பதிலைச் சொல்கிறேன்.

இந்தியக் கணக்கு

2016-17 தேசிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி இந்தியாவில் புகையிலை பயன்படுத்துவோர் ஏறத்தாழ 26.7 கோடி. அவர்களில் சுமார் 20 கோடிப் பேர் மெல்லுகிறார்கள் அல்லது வாயில் அடக்குகிறார்கள். புகைப்போர் பத்துக் கோடிக்குச் சற்றுக் குறைவு. வயதுவந்தோரில் பீடி பிடிப்போர் 7.7%, சிகரெட் 4%. பிரிட்டனில் புகையிலை என்றால் சிகரெட். இங்கே அது முதலில் வாயில் அடக்கும் புகையிலை, அடுத்துப் பீடி, பிறகுதான் சிகரெட்.

வாயில் புகையிலை அடக்குபவருக்கு இ-சிகரெட்டால் எந்தப் பயனும் இல்லை. பீடி பிடிப்பவர் அதை வாங்குவாரா? தினமும் பீடி பிடிப்பவர் மாதம் அதற்குச் செலவிட்டது சராசரி 284 ரூபாய். சிகரெட் பிடிப்பவர் 1,192 ரூபாய் என்கிறது அதே ஆய்வு. வேப் கருவியின் விலை, திரவத்தின் விலை, மாற்றவேண்டிய கம்பிச்சுருளின் விலை எல்லாம் கொடுத்து, கட்டடத் தொழிலாளியோ சுமைதூக்குபவரோ பீடியை விட்டு அதற்கு மாறுவார் என்று நான் நம்பவில்லை. மாறக்கூடியவர் நகரத்துச் சிகரெட் பிடிப்பவர். நன்மை பெறுவோரின் வட்டம் இங்கே சிறியது.

செலவின் வட்டமோ பெரியது. 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5% பேர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாக 2019 ஆய்வு சொன்னது. மீதமுள்ள தொண்ணூற்றுச் சொச்சம் விழுக்காட்டினர்தான் புதுப்பொருளின் சந்தை. அவர்களைக் காக்க பிரிட்டனிடம் ஆய்வாளர் உண்டு, வயதுச் சான்று கேட்கும் பழக்கம் உண்டு. அப்படியிருந்தும் தடுமாறியது. நம்மிடம் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை அறியப் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நின்றாலே போதும்.

ஆகவே ஒரு சோதனையை முன்வைக்கிறேன். சிகரெட்டைச் சிறுவனுக்கு விற்காமல் தடுக்க முடிந்த அரசே, வேப்பைப் பெரியவர்களுக்கு மட்டும் விற்க அனுமதிக்கும் தகுதியுள்ள அரசு. அந்தச் சோதனையில் நாம் இன்னும் தேறவில்லை. தேறாதவரை கடை விற்பனைக்கு அனுமதி தருவது, செலவை முழுதாகவும் நன்மையைத் துண்டாகவும் வாங்கிக்கொள்வதாகும்.

எதை முதலில் செய்வது

ஆனால் தடையை வைத்துக்கொண்டு கைகட்டி நிற்பதற்கு நமக்கு உரிமை இல்லை. புகைப்பவர்களில் 55.4% பேர் விட்டுவிட எண்ணுவதாக 2016-17 தேசிய ஆய்வு சொல்கிறது. முந்தைய ஓராண்டில் 38.5% பேர் முயன்றும் பார்த்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு கதவை அடைத்த அரசு இன்னொரு கதவைத் திறந்தாக வேண்டும்.

நிகோடின் மாற்று மருந்து 2022 முதல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகிறது. இவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் கிடைக்கும் மருந்தாகவும், முகம் பார்த்துப் பேசும் ஆலோசனையாகவும் மாற வேண்டும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர், அதே வீட்டில் பீடி பிடிப்பவரிடமும் புகையிலை மெல்லும் பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். சூயிங்கமும் பட்டையும் அவர் பையில் இருக்கலாம். பீடிக்கும் வாயில் அடக்கும் புகையிலைக்கும் சேர்த்துப் பயன்படும் உதவி இது. இ-சிகரெட்டால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

ஒற்றை சிகரெட் விற்பனையை நிறுத்தி, புகையிலை விற்கத் தனி உரிமம் கொண்டுவர வேண்டும். ஏழையின் பொருள் என்று சொல்லிப் பீடிக்கு நெடுநாள் வரிச்சலுகை கொடுத்து வந்திருக்கிறோம். அந்தச் சலுகை ஏழையின் நுரையீரலுக்குத்தான் கேடாக முடிந்தது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிச் சுருட்டும் பெண்களின் கூலி இந்தப் பொருளில் இருக்கிறது. பீடி குறையும் ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு வேறு வேலை உருவாக வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்காத சுகாதாரத் திட்டம் நேர்மையானதாகாது.

வேப்போடு பிடிபடும் மாணவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது. சட்டம் பயன்படுத்துவோரைத் தண்டிக்காமல் விட்டது அதன் நல்ல பகுதி. அது அப்படியே இருக்கட்டும். தண்டனை விற்பவருக்கு, உதவி பிடிபட்டவருக்கு.

கடைசியாக, ஆராய்ச்சிக் கதவு. மாற்று மருந்தும் ஆலோசனையும் கொடுத்துப் பார்த்தும் விட முடியாத, நுரையீரல் நோய் முற்றிய புகைப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மருத்துவமனை மேற்பார்வையில் இ-சிகரெட் உதவுமா என்று அரசு மருத்துவக் கல்லூரிகள் ஆராய வேண்டும். நம் நோயாளிகளைப் பற்றிய சான்று நம் கையிலேயே இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தச் சான்றையும், சிறுவர்களுக்கு விற்பது எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற கணக்கையும் நாடாளுமன்றத்தில் வைத்து, தடை தொடர வேண்டுமா என்று வெளிப்படையாக விவாதிக்கலாம். அன்று சான்று வேறுவிதமாக இருந்தால் என் முடிவையும் மாற்றிக்கொள்வேன்.

இந்தியாவில் புகையிலையால் ஆண்டுதோறும் இறப்போர் ஏறத்தாழ 13.5 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோருடைய மரணத்துக்கு இ-சிகரெட் காரணமும் அல்ல, மருந்தும் அல்ல. அந்த மரணம் பேருந்து நிலைய வாசலில், ஒற்றை ஒற்றையாக, வயது கேட்காமல் விற்கப்படுகிறது. ஒரு பையன் காசை நீட்டும்போது கடைக்காரர் தலையசைத்து மறுக்கும் நாள் வரட்டும். அலமாரியில் இன்னொரு பொருளுக்கு இடம் தரலாமா என்று அதன் பிறகு பேசலாம்.